கண்மாய் வரைபட வேலைக்கு கியூஜிஐஎஸ்: முதல் அரை மணி நேரத்தைப் பற்றிய மதிப்புரை

மதுரை மாவட்டத்துக் கண்மாய்களையும் அவற்றின் வரத்துக் கால்வாய்களையும் வரைபடமாக்கும் வேலை எனக்கு. கரை, மடை, கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்), ஆயக்கட்டு (கண்மாய் நீரில் பாயும் நிலம்) என்று எல்லாவற்றையும் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில்தான் வைத்திருக்கிறேன். காசு கிடையாது, உரிமத் தொல்லை கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய இந்தத் திட்டத்தை இன்று பல நாட்டுத் தன்னார்வலர்களும் நிறுவனங்களும் சேர்ந்து வளர்க்கிறார்கள். எங்களைப் போன்ற சின்னக் குழுக்கள் ஊர் நீர்நிலைகளைத் தாங்களே அளந்து படம் போட முடிகிறதென்றால் அதற்கு இந்த மென்பொருள்தான் காரணம். மனதார நன்றி சொல்லியே தொடங்குகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் திணறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: புராஜெக்டை அமைப்பதில். கோடு போடுவதும் வண்ணம் தீட்டுவதும் பழகிவிடும். அமைப்பு தவறினால் பல மாதம் கழித்துத்தான் வலிக்கும். அதனால் இந்த மதிப்புரையில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

நியூ புராஜெக்ட் என்று அழுத்தினால் வெள்ளைத் திரை வந்து நிற்கும். எந்த ஊர், எந்த அளவை முறை, கோப்புகள் எங்கே இருக்கப்போகின்றன என்று எதையும் கேட்காது. பழகியவர்களுக்கு இது சௌகரியம். புதியவர்களுக்கு இரண்டு கேள்வியாவது கேட்டிருக்கலாம் என்பது என் கருத்து. கேட்காததால் என்ன ஆகிறது? இடப்பக்கத்து பிரௌசர் பேனலில் எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ் என்பதன் கீழ் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம் இருக்கும். எல்லோரும் முதலில் அதைத்தான் இழுத்துப் போடுவார்கள். ஊர், தெரு, வைகை ஆறு எல்லாம் தெரிந்ததும் மனம் நிறைந்துவிடும். ஆனால் முதலில் சேர்க்கும் லேயரின் (படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கின்) சிஆர்எஸ்ஸையே புராஜெக்டும் எடுத்துக்கொள்ளும் என்பது வழக்கமான அமைப்பு. சிஆர்எஸ் என்பது, உருண்டை பூமியைத் தட்டையான தாளில் எந்தக் கணக்கில் விரிக்கிறோம் என்பதைச் சொல்லும் குறிப்பு. ஒவ்வொரு சிஆர்எஸ்ஸுக்கும் ஈபிஎஸ்ஜி என்ற பட்டியலில் ஓர் எண் உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சிஆர்எஸ் ஈபிஎஸ்ஜி 3857. இணையத்தில் பார்ப்பதற்கு நல்லது, அளப்பதற்கு ஆகாது. மதுரை இருக்கும் அட்சரேகையிலேயே பரப்பளவு நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கூடுதலாக வரும். வடக்கே போகப் போக இன்னும் கூடும். ஆயக்கட்டுக் கணக்கில் நூற்றுக்கு மூன்று என்பது யாரோ ஒருவருடைய வயல்.

திரையின் வலது கீழ் மூலையில் ஈபிஎஸ்ஜி என்று ஒரு எண் தெரியும். அதைச் சொடுக்கி மாற்றலாம். எதைக் கொடுப்பது? தமிழ்நாட்டுக்காரர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அளப்பதற்கு ஏற்ற யுடிஎம் என்ற சிஆர்எஸ் முறையில் பூமியை ஆறு ஆறு பாகையாகப் பட்டை பிரித்திருக்கிறார்கள். 43-ஆம் பட்டையும் 44-ஆம் பட்டையும் சந்திப்பது கிழக்கு 78 பாகையில். அந்தக் கோடு நம் மாநிலத்தின் நடுவே, மதுரை நகரத்துக்குச் சற்று மேற்கே இறங்குகிறது. மாடக்குளம், வண்டியூர், மேலூர் எல்லாம் 44-இல் வரும். உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கம் 43. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு ஈபிஎஸ்ஜி எண், 43-ஆம் பட்டைக்கு 32643-உம் 44-ஆம் பட்டைக்கு 32644-உம்.

இதைப் பார்த்துப் பயந்து தாலுகாவுக்கு ஒரு புராஜெக்ட் போட வேண்டாம். முழு மாவட்டத்துக்கும் 32644-ஐ வைத்துக்கொள்ளலாம். பட்டைக்கு வெளியே சில பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போவதால் பரப்பளவில் வரும் வித்தியாசம் கால் விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். அந்த அளவுக்கும் இடம் கொடுக்க மனமில்லை என்றால், தரவுப் பத்திகளைக் கணக்கிட்டு நிரப்பும் ஃபீல்ட் கால்குலேட்டரில் டாலர் குறி போட்ட ஏரியா ($area) என்பதைப் பயன்படுத்துங்கள். புராஜெக்ட் பிராப்பர்ட்டீஸில் எலிப்சாய்டு (பூமியின் வடிவத்தைக் குறிக்கும் அமைப்பு) சரியாக இருந்தால், அது பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தே பரப்பைச் சொல்லும். வெறும் ஏரியா ஃபங்ஷன் அப்படியல்ல, லேயரின் சிஆர்எஸ்படி தட்டையாகக் கணக்கிடும். லேயர் பாகைக் கணக்கில், அதாவது ஈபிஎஸ்ஜி 4326-இல் இருந்தால், ஒரு பெரிய கண்மாய்க்குக்கூட 0.0002 என்பது மாதிரி ஒரு விடை வரும். அது சதுர மீட்டர் இல்லை, சதுர பாகை. இரண்டு ஃபங்ஷனும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்க, வேறுபாட்டைத் திரையிலேயே பளிச்சென்று சொல்லாதது எனக்கு உள்ள உண்மையான குறை.

அப்புறம் கோப்புகள். புராஜெக்டைச் சேமித்தால் கியூஜிஇசட் என்ற ஒரே கோப்பு கிடைக்கும். அதற்குள் நீங்கள் வரைந்த கண்மாய் இருக்காது. எந்த லேயர் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது, அதற்கு என்ன வண்ணம், எந்த வரிசை என்ற குறிப்புகள்தான் இருக்கும். பென் டிரைவில் அந்த ஒரு கோப்பை மட்டும் கொண்டுபோய்த் திறந்தால் லேயர்களைக் காணவில்லை என்று ஒரு பட்டியல் வந்து நிற்கும். ஆகவே முதல் வேலையாக ஒரு ஃபோல்டர் போட்டு, புராஜெக்ட், தரவு, ஸ்கேன் செய்த புலப்படங்கள் (சர்வே எண்வாரி நில அளவைப் படங்கள்) எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வையுங்கள். பிராப்பர்ட்டீஸில் ஜெனரல் பக்கத்தில் சேவ் பாத்ஸ் (கோப்புகள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் முறை) என்பது ரிலேட்டிவ் என்று இருக்கிறதா பாருங்கள். வழக்கமாக அப்படித்தான் இருக்கும். பிறகு ஃபோல்டரை அப்படியே எந்தக் கணினிக்குத் தூக்கிப் போனாலும் திறக்கும். காணாமல் போன லேயர்களைத் தேடித் தரும் ஆட்டோ ஃபைண்ட் வசதியும் நன்றாக வேலை செய்கிறது.

தரவை எந்த வடிவில் வைப்பது என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு: ஜியோபேக்கேஜ். இன்றைக்கும் நாலாபக்கமும், பல கோப்புகள் சேர்ந்தால்தான் முழுமையாகும் ஷேப்ஃபைல் என்ற வடிவம்தான் ஓடுகிறது. எனக்கு ஓர் அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் எஸ்எச்பி கோப்பை மட்டும் அனுப்பினார்கள். கூடவே வர வேண்டிய எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே மூன்றும் வரவில்லை. வடிவத்தை எப்படியோ மீட்டாலும் சர்வே எண் எதுவும் இல்லாத வெறும் கோடுகள்தான் மிஞ்சும். தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஷேப்ஃபைலில் பத்தித் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். ஆயக்கட்டு என்று ஒரு தலைப்பை முழுதாக எழுத முடியாது. ஜியோபேக்கேஜில் அந்தத் தடை இல்லை. கண்மாய், மடை, கலுங்கு, கால்வாய் நான்கு லேயரும் ஒரே கோப்பில் உட்காரும், தமிழும் சிதையாமல் நிற்கும். புதிய லேயர் தொடங்கும்போது அங்கேயும் சிஆர்எஸ் பெட்டி இருக்கும். புராஜெக்டுக்குக் கொடுத்த அதே எண்ணை அதிலும் கொடுங்கள்.

தானாகச் சேமிக்கும் வசதி இதில் உள்ளமைவாக இல்லை. மின்சாரம் போய்வரும் ஊர்களில் இது பெரிய குறைதான். கன்ட்ரோல் எஸ் அழுத்துவதைக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ள வேண்டும். லேயர் பெயருக்குப் பக்கத்தில் சிப் மாதிரி சின்னக் குறி தெரிந்தால் அது தற்காலிக லேயர், மென்பொருளை மூடியதும் போய்விடும். அந்தக் குறியைச் சொடுக்கினாலே நிரந்தரமாக்கும் பெட்டி வந்துவிடுகிறது. இதை நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

அச்சுப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ் லேபிள் கொம்பு, கால் பிசகாமல் வருகிறது. பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துகளைப் பாத்களாக (வெறும் கோட்டு வடிவங்களாக) மாற்றும் தெரிவை வைத்துக்கொண்டால் வேறு கணினியில் ஃபான்ட் இல்லாவிட்டாலும் கெடாது.

ஒருமுறை எல்லாம் சரியாக அமைத்துவிட்டால் அதை டெம்ப்ளேட்டாகச் சேமித்து வைக்கலாம். புராஜெக்ட் மெனுவில் சேவ் டு என்பதற்குள் டெம்ப்ளேட்ஸ் இருக்கிறது. அடுத்த கண்மாய்க்கு நியூ ஃப்ரம் டெம்ப்ளேட் கொடுத்தால் சிஆர்எஸ், எலிப்சாய்டு, கரைக்குப் பழுப்பு, கால்வாய்க்கு நீலம் எல்லாம் தயாராக வந்து நிற்கும். எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த டெம்ப்ளேட்டைத்தான் முதலில் கொடுக்கிறேன். வெள்ளைத் திரையைப் பார்த்து அவர்கள் தயங்க வேண்டியதில்லை.

புதியவர்கள் லாங் டெர்ம் ரிலீஸ் (நீண்ட காலத்துக்குத் திருத்தங்கள் வரும் பதிப்பு) என்று போட்டிருக்கும் பதிப்பையே இறக்குங்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் புதுப் பதிப்பின் பின்னால் ஓடத் தேவையில்லை. இணையதளத்தில் இருக்கும் பயிற்சிக் கையேடும் இலவசம், பொறுமையாக எழுதியிருக்கிறார்கள். தேனி, கோவை, ஈரோட்டுக்காரர்கள் என் 44-ஐ அப்படியே எடுக்காமல் 32643 கொடுங்கள். சேலம், கரூர்காரர்கள் கோடு உங்கள் பக்கத்திலும் போகிறது என்பதால் வேலை செய்யும் இடம் 78 பாகைக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.