ஜப்பானிய நீலச்சாயத் தோல் பர்ஸும் டெல்டாவின் ஈரக்காற்றும்

ஒசாக்காவில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் வாங்கி வந்து கொடுத்த, இயற்கை நீலச்சாயம் ஏற்றிய மாட்டுத்தோல் பர்ஸ் ஒன்றைச் சென்ற ஆடி மாதம் முதல் கும்பகோணத்தில் அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். நம் பணத்தில் பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலை என்பதால், இவ்வளவு கொடுக்கத் தகுமா, நம் பகுதியின் தட்பவெப்பத்தைத் தாங்குமா என்று கேட்காதவர் இல்லை. விலைக்குத் தகும் என்பது என் உறுதியான கருத்து. தாங்குவது முழுக்கப் பராமரிப்பைப் பொறுத்தது. அதற்குப் பெட்டியில் வந்த குறிப்புத்தாள் மட்டும் நமக்குப் போதாது.

இந்தச் சாயத்தின் தாயகம் ஷிகோகு தீவிலுள்ள டோகுஷிமா. யோஷினோ ஆறு அடிக்கடி கரைபுரண்டு வண்டலைக் கொட்டிய சமவெளியில், புயல்மழைக் காலத்துக்கு முன்பே அறுத்துவிடக்கூடிய பயிராக நீலச்செடி வேரூன்றியது. ஆற்றின் குணத்தைப் பார்த்துப் பயிரைத் தேர்ந்தெடுக்கும் அந்த விவசாயியின் கணக்கு காவிரிக்கரையில் இருப்பவருக்கு உடனே விளங்கும். செடி நம் அவுரி அன்று. அவுரி பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்களுடையது கோதுமைப் போலியான பக்வீட்டின் குடும்பம். ஆனால் இரண்டின் இலையிலிருந்தும் கிடைக்கும் நீலப் பொருள் ஒன்றேதான். நாம் அவுரி இலையைத் தண்ணீரில் ஊறவைத்து, கடைந்து, அடியில் படியும் நீலத்தைக் கட்டியாக எடுக்கிறோம். அவர்களோ காய்ந்த இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, சில நாட்களுக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு, ஏறக்குறைய 100 நாட்கள் மக்கவைக்கிறார்கள். குவியலின் உள்வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். இப்படிக் கிடைக்கும் கருமையான மக்கிய இலைக்குச் சுகுமோ என்று பெயர். அதை மரச்சாம்பல் தெளிநீர், சுண்ணாம்பு, கோதுமைத் தவிடு ஆகியவற்றோடு தொட்டியில் புளிக்கவைக்கும்போது, நுண்ணுயிர்கள் நீலத்தைத் தண்ணீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. தென்னிந்தியச் சாயத்தொட்டிகளில் தகரை விதையை வேகவைத்துச் சேர்த்ததும் இதே வேலைக்காகத்தான்.

துணிக்கு இந்த முறை இயல்பாகப் பொருந்துகிறது. தோலுக்கு அப்படியன்று, இந்தப் பர்ஸின் விலையைப் புரிந்துகொள்ள வேண்டிய இடமும் இதுவே. சாயத்தொட்டி கடுமையான காரத்தன்மை உடையது; ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைத் துவர்ப்பால் பதனிட்ட தோலோ அமிலச் சார்புடையது. காரத்தில் அதிக நேரம் கிடந்தால் துவர்ப்புச் சத்து வெளியேறும், தோலின் நார் உப்பித் தளரும், உலர்ந்தபின் விறைத்து வெடிக்கும். ஆகவே சாயக்காரர் சற்று நேரமே முக்கி, காற்றில் பிடித்து, பச்சை நிறம் நீலமாக மாறும்வரை காத்திருந்து, மீண்டும் முக்க வேண்டியிருக்கிறது. ஆழ்ந்த நிறத்துக்கு இதைப் பல முறை செய்ய வேண்டும். எந்தச் சுற்றில் நிறுத்துவது என்பதைக் கைப்பழக்கமே சொல்லும்.

என் கையிலிருப்பதில் அந்தக் கைப்பழக்கம் தெரிகிறது. முதுகுப்புறம் ஏறக்குறைய கருநீலம். மடிப்புக்கு அருகில், தோலின் இயற்கையான சுருக்கம் இருக்கும் இடத்தில், நீலம் சற்றே வெளுத்து மேகம் படர்ந்தது போல நிற்கிறது. மேலே பளபளப்புப் பூச்சு எதுவும் இல்லாததால் தோலின் துளைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. விளிம்பை மெருகேற்றியிருக்கும் நேர்த்தியும் தையலின் சீரும் குறை சொல்ல முடியாதவை. சில்லறை வைக்கும் அறை மட்டும் நம் பத்து ரூபாய் நாணயங்களுக்குப் போதவில்லை.

வாங்க நினைப்பவர் அறிந்திருக்க வேண்டிய முதல் செய்தி, நிறம் ஒட்டும் என்பதே. காற்றுப்பட்ட நீலம் மீண்டும் கரையாப் பொருளாகி, பெரும்பகுதி தோலின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. எனவே நீரில் எளிதில் கரைந்து ஓடாது. ஆனால் உரசினால் துகளாக உதிரும். முதல் சில மாதங்கள் வெள்ளை வேட்டி மடியிலோ வெளிர்நிறச் சட்டைப் பையிலோ வைக்கக் கூடாது. உலர்ந்த பருத்தித் துணியால் வாரம் ஒருமுறை மெல்லத் துடைத்துவந்தால் உதிர வேண்டியது உதிர்ந்து, பிறகு உரசும் இடங்களில் மட்டும் நீலம் இளகி அழகான வெளிறல் தோன்றுகிறது.

பராமரிப்பில் நம் ஊருக்கென்று கூடுதல் கவனம் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் பீரோவுக்குள் வைத்த எந்தத் தோல்பொருளும் பூஞ்சை பூக்கும் என்பது டெல்டாவில் எல்லா வீடுகளும் அறிந்ததே. குறிப்புத்தாள், தோல் வறளாமல் இருக்க அவ்வப்போது கிரீம் தடவச் சொல்கிறது. இங்கே தோல் வறள்வதில்லை. மழைக்காலத்தில் தடவும் கிரீம் பூஞ்சைக்கு இரையாகிறது. தை பிறந்தபின், நிறமற்ற கிரீமைத் துணியில் மிகச் சிறிதளவு எடுத்து, உட்புறத்தில் சோதித்துப் பார்த்துத் தடவுவது போதும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. நீலம் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும். பெரிய கடைத்தெருப் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் காட்டியபோது அவரும், "இதுக்கு எண்ணெய் காட்டாதீங்க தம்பி, காத்து காட்டுங்க" என்றார். பிளாஸ்டிக் உறையில் மூடாமல், பழைய மல் துணியில் சுற்றி, காற்றோட்டமான அலமாரியில் வைக்கிறேன். நனைந்தால் ஒற்றி எடுத்து நிழலில் உலர்த்துகிறேன். பூஞ்சை தென்பட்டால் வெளியில் கொண்டுபோய் மென்மையான பிரஷால் தட்டிவிட்டு உலரவிட வேண்டும். ஈரத்துணியால் தேய்த்தால் பரவும்.

ஈரமான இரும்புச் சாவிக்கொத்தையும் இதனோடு சேர்த்து வைக்கக் கூடாது. தோலிலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புக் கறை உண்டாகும். கலம்காரியில் கடுக்காய் ஏற்றிய துணிமேல் இரும்பும் வெல்லமும் புளித்த கரைசலால் கறுப்புக் கோடு தீட்டுவது இதே வினையால்தான். கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் அந்தக் கலை இன்னும் உயிரோடு இருக்கிறது. துணியில் வேண்டி வரவழைக்கும் அந்தக் கறுப்பு பர்ஸில் விழுந்தால் எளிதில் போகாது.

1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். (BASF) நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, நீலமாக இருப்பதெல்லாம் செடியின் நீலம் ஆகிவிடாது. இணையத்தில் வாங்குபவர், சுகுமோவிலிருந்து சாயம் எடுத்தார்களா, தோல் மரப்பட்டைத் துவர்ப்பில் பதனிட்டதா, மேற்பூச்சு உண்டா என்ற மூன்றையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. பூச்சு இருந்தால் நிறம் ஒட்டும் தொல்லை குறையும். ஆனால் நாளடைவில் அந்த நீலம் அடையும் மாற்றமும் அந்த அளவுக்குக் குறையும் என்பதால், நான் பூச்சில்லாததையே பரிந்துரைப்பேன்.