மேகாங் டேம் மானிட்டர்: வாரந்தோறும் நான் திறக்கும் பக்கம்

ஆற்றுப் புவியியல் பாடம் எடுக்கிறேன். சீனாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக ஓடும் மேகாங் ஆற்றின் வகுப்பு வந்தால் முதலில் இந்த இணையதளத்தைத்தான் திரையில் போடுவேன். அந்த ஆற்று அணைகளின் நீர்மட்டத்தைச் செயற்கைக்கோள் படங்கள் மூலம் காட்டுகிறது. கட்டணம் இல்லை.

2009-இல் அமெரிக்கா, ஆற்றின் கீழ்ப்பகுதி நாடுகளோடு ஒத்துழைக்க 'கீழ் மேகாங் முன்முயற்சி'யைத் தொடங்கியது. 2020-இல் அது 'மேகாங்-அமெரிக்கக் கூட்டாண்மை' ஆனது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டிம்சன் மையம் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம், அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிதியுதவியோடு இந்தச் சேவையைத் தொடங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், அதுவரை கீழ்ப்பகுதி நாடுகளுக்கு வெள்ளக்கால நீர்த்தகவலை மட்டும் கொடுத்துவந்த சீனா, ஆண்டு முழுக்கத் தர ஒப்புக்கொண்டிருந்தது. வல்லரசுகளின் போட்டிதான், ஆனாலும் ஆற்றங்கரை மக்களுக்கு இதில் நன்மை உண்டு.

எனக்குப் பிடித்தது சீனாவின் யுன்னான் மாகாணத்தில் உள்ள சியாவ்வான் நீர்த்தேக்கப் படங்கள். தண்ணீர் இறங்க இறங்க, கரையோரம் வெளிறிய பட்டை ஒன்று அகன்றுகொண்டே போகும். அந்தத் தண்ணீர் மின்சாரம் எடுத்துவிட்டுக் கீழே வருகிறது. கோடையில் ஆறு திடீரென உயர்ந்தால், வட தாய்லாந்துப் பெண்கள் பாறைகளில் பறிக்கும் 'கை' என்ற ஆற்றுப்பாசி மூழ்கிவிடும். அவர்களுக்கு அது சாப்பாடு, வருமானம் இரண்டும். மாணவர்கள் அங்கேதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். கிளையாறுகளில் 200 மெகாவாட்டுக்கு மேற்பட்ட அணைகளையே எடுத்துக்கொள்கிறது. சின்ன அணைகள் கணக்கில் வருவதில்லை. தண்ணீர் ஏறியதா, இறங்கியதா என்று காட்டும். மதகை ஏன் திறந்தார்கள் என்று செயற்கைக்கோள் சொல்லாது. மேகாங் பெருகி, கம்போடியாவின் தொன்லே சாப் ஆறு தன் திசை மாறி அதே பெயருள்ள ஏரிக்குள் திரும்பிப் பாயும் மழைக்காலத்தில், இந்தத் தளத்தை அவசியம் பாருங்கள்.