நான்டா, நிக், நாக்: நெடுநாள் புழக்கத்தில் தெரிந்தவை

செவிலியர் பதிவேட்டில் புழங்கும் மூன்று குறியீட்டுத் தொகுப்புகள் இவை: செவிலிய நோயறிதலுக்கு நான்டா (NANDA), செய்த பராமரிப்புக்கு நிக் (NIC), கிடைத்த பலனுக்கு நாக் (NOC). குறியீடுகளைத் தேடிப் போடுவது சில வாரத்தில் கைக்கு வந்துவிடும். வழுக்குவது நாக் மதிப்பெண்ணில்தான்.

வழக்கமான வலி அளவுகோலில் 0 என்றால் வலியில்லை, 10 என்றால் தாங்க முடியாத வலி. நாக்கில் வலியின் அளவைக் குறிக்கும் பெயின் லெவல் (குறியீடு 2102) இதற்கு நேர் எதிர்: 1 கடுமை, 5 வலியில்லை. இரவில் வலி பத்தில் 8 என்று சொன்ன நோயாளிக்கு, எண்ணைப் பாதியாக்கி 4 போட்டுவிடுகிறார்கள். காலையில் அவர் 2 என்கிறார். பகல் ஷிப்ட் லேசான வலி என்று சரியாகவே 4 போடுகிறது. பதிவேட்டில் 4, 4. ஆய்வுக்கு எடுப்பவருக்கு வலி மருந்து வேலையே செய்யாதது போலத் தெரியும். திரையில் எண்ணோடு "கடுமை", "லேசு" என்ற சொல்லும் வரும்படி வைத்தால் இந்தப் பிழை பெருமளவு குறையும்.

நான்டாவில் இடர் நோயறிதலுக்கு (இன்னும் வராத, ஆனால் வரக்கூடிய பிரச்சினை) அறிகுறி கிடையாது, இடர்க் காரணி மட்டுமே. அறிகுறிப் பெட்டியைக் கட்டாயமாக்கிய மென்பொருளில் ஒற்றைப் புள்ளி வைத்துத் தாண்டிப் போவார்கள். (குறை சொல்ல முடியாது, வேறு வழியில்லை.)

நிக் 6490 விழுதல் தடுப்பு. அழைப்பு மணி கைக்கெட்டும்படி இருந்ததா, தரை ஈரமாக இருந்ததா என்பதைக் குறியீடு சொல்லாது. அதன் கீழுள்ள செயல்களையும் குறித்தால்தான் உண்டு. முந்தைய ஷிப்டை அப்படியே நகலெடுக்கும் வசதி இருந்தால் நேர முத்திரையைப் பாருங்கள். ஒரே நிமிடத்தில் வார்டு முழுக்க 6490 பதிவாகியிருந்தால் அந்தத் தரவை ஆய்வில் சேர்க்க வேண்டாம்.

பதிப்பு மாற்றமும் படுத்தும். விழும் இடருக்கான நான்டா குறியீடு 00155, அதன் 2021–2023 பதிப்பில் நீங்கி, பெரியவர்களுக்கு 00303, குழந்தைகளுக்கு 00306 எனப் பிரிந்தது. பல ஆண்டுத் தரவில் 00155-ஐ மட்டும் தேடினால், புதுப் பதிப்புக்கு மாறிய மாதத்திலிருந்து யாருக்கும் விழும் ஆபத்தே இல்லாதது போலத் தெரியும்! ஒவ்வொரு பதிவிலும் பதிப்பாண்டுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். பழைய குறியீட்டை அழித்துப் புதியதை எழுதாமல், இரண்டையும் இணைக்கும் அட்டவணையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு தேடிப்போகும் சமூகச் செவிலியத்துக்கு ஒமாஹா என்ற இன்னொரு வகைப்பாட்டு முறை கைக்கு அடக்கம்: 42 பிரச்சினைகள்; ஒவ்வொன்றிலும் நோயாளியின் அறிவு, நடத்தை, நிலை மூன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். உரிமக் கட்டணமும் கிடையாது. நான்டாவை மென்பொருளில் சேர்க்க உரிமம் வாங்கியாக வேண்டும்.