ஓப்ராக்கில் ஐந்து இரவு: அலிகோ கிண்டும் வீடு

அலிகோ என்ற உருளைக்கிழங்கு-சீஸ் மசியலுக்காகப் பிரான்ஸில் ஒரு வீட்டில் போய்த் தங்கினேன். முதலில் அதன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆளுக்கு அறை, காலை உணவோடு சேர்த்து இரவுக்கு 72 யூரோ. இரவுச் சாப்பாடு தனியாக 24 யூரோ. அதில் சூப், முக்கிய உணவு, சீஸ், இனிப்பு, மேசையில் வைக்கும் சிவப்பு ஒயின் எல்லாம் அடங்கும். தங்கல் வரி என்று கூடக் கொஞ்சம் சில்லறை. ஜூன் மாதத்தில் ஐந்து இரவு தங்கி, நான்கு இரவு அந்த வீட்டு மேசையில் சாப்பிட்டேன். அந்த நான்கு சாப்பாட்டுக்காகவே மறுபடி மலை ஏறிப் போவேன்.

இடம் தெற்கு பிரான்ஸின் உள்நாட்டில் இருக்கும் ஓப்ராக் பீடபூமி. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், மரமே இல்லாத புல்வெளி, நடுநடுவே கருங்கல் வேலி. நஸ்பினால் என்ற ஊரிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் இந்த வீடு வரும். பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டம்மா கேட்டுக்கொண்டார். இருப்பதே நான்கு அறை, நடந்து வரும் யாத்ரீகர்களுக்கே அது போதவில்லை என்றார். அவர் சொல்வது நியாயம். அதனால் இங்கே பெயர் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் இதே முறையில் நடக்கும் வீடுகள் நிறைய உண்டு, நான் சொல்வது அவற்றைத் தேடவும் உதவும்.

இந்த முறைக்கு பிரான்ஸில் ஷாம்ப்ர் தோட் என்று பெயர். வீட்டுக்காரர் தான் குடியிருக்கும் வீட்டிலேயே அறை விடுவது. சட்டப்படி ஐந்து அறைக்கு மேல் கூடாது, ஒரே நேரத்தில் 15 பேருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது, காலை உணவு வாடகையிலேயே சேர வேண்டும். இரவுச் சாப்பாடும் போட்டால் அது தாப்ல் தோட். அதற்கும் விதி இருக்கிறது: ஒரே சமையல், ஒரே மேசை, வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மெனு அட்டை கிடையாது. எனக்கு இந்த விதிதான் ரொம்பப் பிடித்தது. சமைத்தவர் எதிரே உட்கார்ந்து அதையே சாப்பிடும்போது சாப்பாட்டின் தரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

போய்ச் சேருவது கொஞ்சம் சிரமம். ரயில் ஓமோன்-ஓப்ராக் வரைக்கும்தான். அங்கிருந்து நஸ்பினால் இருபது கிலோமீட்டருக்கு மேல். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த டாக்சி வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. கடைசியில் வீட்டம்மாதான் தன் பழைய காரில் வந்து கூட்டிப் போனார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். கார் ஓட்டத் தெரிந்தவர்கள் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

அறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுத்தம். கம்பளி கனமானது, ஜூனிலும் தேவைப்பட்டது. மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ் அறையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு குளித்தால் வெந்நீர் பாதியில் தீர்ந்துவிடும். வைஃபை சாப்பாட்டு அறையில் மட்டும் எட்டுகிறது.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

முதல் நாள் இரவு முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் போட்ட சூப், அதற்குப் பிறகு புய் பச்சைப் பயறும் சாசேஜும். பயறு என்றாலும் நம் பாசிப்பயறு இல்லை, சின்னதாகக் கரும்பச்சையில் இருக்கும் லென்டில். வெந்தாலும் தோல் விடாது, மாவாகாது. இது ல புய் ஊரைச் சுற்றியுள்ள எரிமலை மண்ணில் விளைவது. 1996இல் பிரான்ஸில் பிறப்பிடப் பாதுகாப்பு முத்திரை வாங்கிய முதல் பருப்பு வகை. மேசையில் இருந்த இரண்டு பேர் அந்த ல புய் ஊரிலிருந்துதான் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். ஸ்பெயினின் சாந்தியாகோ வரை போகும் யாத்திரைப் பாதை இந்த வீட்டு வாசலை ஒட்டிப் போகிறது. கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே ஒருவர் பயறை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டாம் நாள் அலிகோ.

இதற்காகத்தான் போனேன். உருளைக்கிழங்கு மசியலில் சீஸ் கலந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் அப்படிச் சொன்னால் ஒன்றுமே சொன்னதாகாது. அதில் போடுவது தோம் ஃப்ரேஷ் என்ற புதுச் சீஸ். பாலை உறைய வைத்து, தயிர்க்கட்டியை அழுத்தி நீரை வடித்து, உப்புப் போடுவதற்கு முந்தைய நிலையில் எடுப்பது. வெளிர் மஞ்சள் நிறம், ரப்பர் மாதிரி ஒரு துள்ளல். ஒரு துண்டை வாயில் போட்டேன், பல்லில் கீச்சென்றது. உப்பில்லை, லேசான புளிப்பு, மற்றபடி பால்தான்.

சமையலறையில் நிற்கலாமா என்று கேட்டேன். “வாங்க, ஆனா வேலை செய்யணும்” என்றார் வீட்டம்மா. ஒன்பது பேருக்கு இரண்டு கிலோ உருளைக்கிழங்கு, 800 கிராம் தோம். கிழங்கை வேகவைத்துச் சூடாக இருக்கும்போதே கை அரைவையில் போட்டு மசித்தார். அடிகனமான செம்புப் பாத்திரத்தில் அதை மெல்லிய தீயில் வைத்து, வெண்ணெய், கிரீம், இடித்த பூண்டு. அப்புறம் தோமை மெல்லிய சீவல்களாகக் கைகையாகப் போட்டு, நீளமான மரக்கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டார்.

களி கிண்டியவர்களுக்கு இந்த வேலை தெரியும். தோள்பட்டையிலிருந்து வர வேண்டிய பலம் அது. முதல் ஐந்து நிமிடம் வெறும் கட்டிமாவு. பத்தாவது நிமிடம் கரண்டியைத் தூக்கினால் பின்னாலேயே ஒரு நூல் வருகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நூல் நாடாவாகி, நாடா துணி மாதிரி விரிகிறது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டாமல் அல்வாவைப் போலச் சுருண்டு வந்ததும் பதம். தீ கூடினால் நெய் பிரிந்து இழை அறுந்துவிடும், குறைந்தால் சீஸ் உருகாது. நடுவில் கை மாற்ற நின்றேன். “நிறுத்தாதீங்க மதாம், இப்ப நிறுத்தினா போச்சு” என்று பதறிவிட்டார். பிறகு அவரே வாங்கி, கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். ஒரு ஆள் உயரத்துக்கு இழை, அறுந்துபோகவே இல்லை.

தட்டில் விழும்போது அதைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். வாயில் வைத்தால் முதலில் பூண்டு, பிறகு வெண்ணெய், கடைசியில் அந்தப் புளிப்பு. கூட ஒரு வறுத்த சாசேஜ். ஒயினை விடத் தண்ணீர்தான் இதற்குத் தோதாக இருந்தது எனக்கு.

12ஆம் நூற்றாண்டில் ஓப்ராக்கில் யாத்ரீகர்களுக்காக ஒரு மடம் எழுந்தது. மூடுபனியிலும் பனிப்புயலிலும் வழி தவறியவர்களைக் கூப்பிட அங்கே மணி அடிப்பார்களாம். ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்று வந்தவர்களுக்குத் துறவிகள் ரொட்டியில் இந்தப் புதுச் சீஸைக் கலந்து கொடுத்ததாக ஊரில் கதை. ‘ஏதாவது’ என்பதற்கான லத்தீன் சொல் அலிகுயிட், அதுதான் அலிகோ ஆனது என்கிறார்கள். உருளைக்கிழங்கு பிற்பாடு வந்து ரொட்டியின் இடத்தைப் பிடித்தது.

சாப்பாடு முடிந்து சீஸ் தட்டு வந்தது. அதில் லகியோல். எழுத்தில்தான் லகியோல், இந்த ஊர்க்காரர்கள் வாயில் அது லாயோல். காய்ச்சாத பசும்பாலில் செய்வது, ஒரு சக்கரம் 50 கிலோ வரை போகும், குறைந்தது நான்கு மாதம் முதிர வேண்டும், 1961இலேயே முத்திரை வாங்கியது. அன்று வந்தது பத்து மாதம் முதிர்ந்தது என்றார் வீட்டுக்காரர். கடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: சற்று முன் கிண்டிய தோமை உப்புப் போட்டு நிலவறையில் விட்டிருந்தால் அதுவும் இதாகத்தான் ஆகியிருக்கும். ஒரே பாலின் குழந்தைப் பருவமும் முதுமையும் ஒரே மேசையில் அடுத்தடுத்து வந்தன. இதைக் கடையில் வாங்கித் தின்று தெரிந்துகொள்ள முடியாது.

வீட்டுக்காரர் சீஸை வெட்டத் தன் சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். இங்கே பெரியவர்கள் பலரும் மேசைக்குச் சொந்தக் கத்தியோடுதான் வருகிறார்கள். கொம்புப் பிடி, முதுகில் ஈ வடிவம். வெட்டி முடித்ததும் அலகை ரொட்டித் துண்டில் துடைத்து, அந்த ரொட்டியைத் தின்றுவிட்டு, கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார். இந்தக் கத்தியும் லகியோல் ஊர்தான். ஆனால் அந்தப் பெயரைப் போட்டு வேறு நாடுகளில் செய்ததும் ஏராளமாக விற்கிறது. வாங்குகிறவர்கள் எங்கே செய்தது என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாம் நாள் வீட்டில் இரவுச் சமையல் கிடையாது, வீட்டம்மாவுக்கு ஓய்வு. இது முன்பதிவின்போதே சொல்லப்பட்டது. அன்று மதியம் வெளியே ஒரு கடையில் அலிகோ கேட்டேன். தட்டில் வந்தது பசை மாதிரி இருந்தது, தூக்கினால் இழை வரவில்லை, பூண்டு பொடியின் வாசனை. சூடு செய்த பாக்கெட் அலிகோ என்று நினைக்கிறேன், சூப்பர் மார்க்கெட்டில் அது கிடைக்கிறது. முந்தைய நாள் கை வலிக்கக் கிண்டியவளுக்கு அது வருத்தமாகவே இருந்தது. இரவுக்கு ரொட்டியும் லகியோல் துண்டும் வாங்கி வந்து, புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பக்கத்தில் மாடுகள். ஓப்ராக் இனம் கோதுமை நிறம், கண்ணைச் சுற்றிக் கருவளையம், மை தீட்டியது போல. மே 25 வாக்கில் மேலே ஏற்றி, அக்டோபர் 13 வாக்கில் கீழே இறக்குவது பழைய வழக்கம். அந்தக் காலத்தில் கோடை முழுதும் ஆண்கள் மட்டும் பூரோன் என்ற கல்குடிசையில் தங்கிச் சீஸ் செய்வார்களாம். கன்றை முதலில் ஊட்டவிட்டு, பக்கத்திலேயே கட்டி வைத்துத்தான் பால் கறப்பார்களாம். வீட்டுக்காரர் இதைச் சொன்னபோது என் தாத்தா வீட்டுத் தொழுவம் நினைவுக்கு வந்தது, அதையே அவரிடமும் சொன்னேன். அரைமணி நேரம் மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள் த்ரிப்பூ. ஆட்டுக்குடலைச் சின்ன மூட்டைகளாகக் கட்டி, வெள்ளை ஒயினில் மணிக்கணக்காக வேகவைப்பது. குடல் குழம்பு சாப்பிட்டுப் பழகிய எனக்கு மசாலா இல்லாத குடல் புதிது. மென்மை அபாரம், வாடை துளியும் இல்லை. உப்புதான் தூக்கல். அதை வீட்டம்மாவிடம் சொன்னேன், அவரும் ஆமாம் என்றார். ஐந்தாம் நாள் ஃபார்சூ: கீரையும் பார்ஸ்லியும் அரிந்து முட்டை மாவில் கலந்து சுட்ட சின்ன அடைகள். எனக்கு ஆறு போதவில்லை. ஒவ்வொரு இரவும் கடைசியில் ஓப்ராக் தேநீர். அது தேயிலை இல்லை, மலையில் முளைக்கும் ஒரு மூலிகை, புதினாவும் எலுமிச்சையும் சேர்ந்த மணம்.

காலை உணவுக்கு ஆரஞ்சுப்பூ நீர் மணக்கும் ஃபுவாஸ் ரொட்டி, வீட்டு ஜாம், காப்பி. காப்பி சுமார்தான்.

சைவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். சாசேஜ் இல்லாமல் அலிகோ தருவார்கள், ஆனால் இந்தப் பக்கத்துச் சீஸ்களைப் பெரும்பாலும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். அது ஒத்துவராதவர்களுக்கு இந்த மலையில் சூப்பும் பயறும்தான்.

முன்பதிவு போனில் மட்டும், பிரெஞ்சில் மட்டும். குளிர்காலத்தில் மூடிவிடுகிறார்கள். அலிகோ தினமும் கிடையாது, புதுத் தோம் வந்த நாளில்தான். எந்த இரவு என்று முதலில் கேட்டுவிட்டு, மற்ற நாட்களை அதைச் சுற்றி வையுங்கள்.