சுங்கான்கடை பக்கத்து மிஷின் நெட்: ரெண்டு கையிலும் அடிக்கிறவனுக்கு எப்படி இருக்கு?

நாலு வாரமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மகனைக் கூட்டிக்கொண்டு இங்கே போய் வருகிறேன், அதனால் தைரியமாக எழுதலாம். நாகர்கோவிலில் இருந்து தக்கலை போகிற சாலையில் சுங்கான்கடை தாண்டி, மேலே ஷீட் போட்டு சுற்றிலும் வலை கட்டிய நெட். பந்துவீச்சு மிஷினோடு அரை மணிக்கு 300 ரூபாய். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று ரெண்டு மழையும் விழுகிற நம்ம மாவட்டத்தில் மேலே ஷீட் இருப்பதே பெரிய விஷயம்.

கிரிக்கெட்டுக்காகக் கட்டிய இடம் இது. மகன் ஆடுவது பேஸ்பால், அதிலும் ஸ்விட்ச் ஹிட்டர், அதாவது வலக்கைப் பிட்சர் (பந்து வீசுகிறவர்) வந்தால் இடக்கை ஆட்டக்காரனாக நிற்பான், இடக்கைப் பிட்சர் வந்தால் வலப்பக்கம் மாறிக்கொள்வான். எதிர்க்கையில் இருந்து வரும் பந்து கண்ணுக்கு முன்னாடியே பிடிபடும், வளைகிற பந்தும் விலகி ஓடாமல் உடம்பைப் பார்த்து வரும், அதற்காகத்தான் இத்தனை பாடு.

முதல் நாள் மிஷின் நட்டநடுவில் இருந்தது. "அப்பா, கொஞ்சம் அங்கோட்டு தள்ளச் சொல்லுங்க, வலக்கை பிட்சர் விடுற மாதிரி வரணும்" என்றான். மிஷின் பார்க்கிற தம்பி முகம் சுளிக்காமல் ரெண்டடி தள்ளி வைத்து, மிஷின் தலையைத் தூக்கி, பந்து தரையில் குத்தாமல் நேரே வரும்படி செய்தார். கிரிக்கெட்டில் 22 கஜம், அதாவது 66 அடி, பேஸ்பாலில் 60 அடி 6 அங்குலம்தான் என்று சொன்னதும், டேப் எடுத்து அளந்து, மகன் நிற்கிற இடத்தை ஐந்தரை அடி முன்னால் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தார். பேஸ்பால் தெரியாத ஒருவர் இவ்வளவு அக்கறையாகச் செய்வது எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறையும் உண்டு. பக்கம் மாறும்போது மிஷினை மறுபடி தள்ளி, ரெண்டு மூன்று பந்து போட்டுப் பார்க்க ஏழெட்டு நிமிடம் ஆகிறது, அதையும் நம்ம அரை மணியில்தான் கழிக்கிறார்கள். இரவல் கையுறை எல்லாம் வலக்கைக்காரருக்கு மட்டும்தான். விளக்கு ஒரே பக்கம் இருப்பதால், இடக்கையாக நின்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவன் நிழல் அவன் முன்னாலேயே விழுகிறது.

ஸ்விட்ச் ஹிட்டருக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. மற்றவன் ஒரு கைக்குச் செலவழிக்கிற நேரத்தை இவன் ரெண்டாகப் பங்கு வைக்கிறான். பிட்சர்களில் பெரும்பாலோர் வலக்கை என்பதால் ஆட்டத்தில் இடப்பக்கத்துக்கே வேலை அதிகம், வலப்பக்கம் துருப்பிடித்துவிடும். அமெரிக்காவில் வேகப்பந்து சராசரியே மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொட்டுவிட்ட இந்தக் காலத்தில், ரெண்டு பக்கமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது கஷ்டம். அங்கே ஸ்விட்ச் ஹிட்டராக இருந்த செட்ரிக் மல்லின்ஸ் வலப்பக்கத்தை விட்டுவிட்டு 2021ல் முழுக்க இடக்கையாக ஆடி, அந்த வருஷமே 30 ஹோம்ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி எல்லைக்கு வெளியே அடிப்பது), 30 ஸ்டீல் (பிட்சர் அசரும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) எடுத்தார். அதைப் பார்த்து இந்தக் கலையே முடிந்தது என்று பலர் பேசினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2025ல் சியாட்டில் அணியின் கால் ராலி, அதுவும் கேட்சராக, அதாவது நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கிறவராக இருந்துகொண்டு, 60 ஹோம்ரன் அடித்தார். ஒரே சீசனில் ஸ்விட்ச் ஹிட்டர் அடித்த அதிகபட்சமாக மிக்கி மேன்டில் 1961ல் வைத்திருந்த 54ஐ அவர் தாண்டியிருக்கிறார். மேன்டிலுக்குச் சின்ன வயதில் வலக்கையால் பந்து போட அப்பாவும், இடக்கையால் போட தாத்தாவும் இருந்தார்கள். எங்கள் வீட்டில் இடக்கைக்காரர் யாரும் இல்லை, அந்தத் தாத்தாவின் வேலையை இந்த மிஷின் செய்கிறது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். போகிறவர்கள் அரை மணி எடுக்காதீர்கள், சேர்த்து ஒரு மணி எடுங்கள். முதல் பாதி முழுக்க ஒரு பக்கம், அடுத்த பாதி மறுபக்கம் என்று வைத்துக்கொண்டால் மிஷினை ஒரு தடவை நகர்த்தினால் போதும். இடக்கைக் கையுறை சொந்தமாகக் கொண்டுபோங்கள். வலப்பக்கத்தை விளக்கு போட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம், இடப்பக்கத்தை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இன்னொரு விளக்கு போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், போட்டால் இங்கேயே வந்து எழுதுகிறேன்.