பழைய கல்யாண சிடியை பென்டிரைவுக்கு மாற்றக் கொடுக்கிறீர்களா? கடைசி நிமிடத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

ஒரே சிடியை வைத்து இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். 2006இல் ஒருமுறை, போன மாதம் ஒருமுறை.

அக்கா கல்யாண வீடியோ எடிட் செய்து முடித்தபோது 81 நிமிடம் 40 வினாடி வந்தது. வீசிடியாகப் போட்டால் சாதாரண டிஸ்கில் 80 நிமிடம்தான் பிடிக்கும். பந்தியில் இரண்டு நிமிடம் வெட்டியிருந்தாலே போதும்; சாம்பார் வாளி மட்டும் நாலு தடவை வருகிறது. கடைக்காரரோ, "எதுக்கு தம்பி ரெண்டு டிஸ்க்? 90 நிமிஷ டிஸ்க் இருக்கு, ஒண்ணுக்கு முப்பது ரூபா கூட ஆகும்" என்றார். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க 40 பிரதி. 1200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம்.

ஒரே வாரத்தில் போன் வர ஆரம்பித்தது. சித்தப்பா வீட்டில் படம் உறைந்து நிற்கிறது. அத்தை வீட்டு பிளேயர் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு அணைந்துவிடுகிறது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே இடம்: மறுவீட்டுக்கு வந்தவர்களுக்குப் பாட்டி ஆரத்தி எடுத்துப் பாடுகிற கடைசிக் காட்சி. கடையில் கேட்டால் "உங்க பிளேயர் கோளாறு" என்று தன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். ஓடியது. அந்த சிடியை எழுதியதே அந்த டிரைவ்தான்!

சந்தேகம் வந்து, மணமக்கள் படம் அச்சடித்த ஸ்டிக்கரை ஒரு பிரதியில் உரித்தேன். அடியில் 80 நிமிடம், 700 எம்பி என்று இருந்தது. கூடவே வெள்ளிப் பூச்சும் உரிந்து வந்துவிட்டது. சிடியில் அந்தப் பூச்சு மேல்பக்கம், மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. அது போனால் படமும் போச்சு. நீங்கள் யாரும் உரிக்காதீர்கள்.

90 நிமிட டிஸ்க் என்பது பொய்யில்லை. தகவல் பதியும் சுருள் தடத்தை நெருக்கி அப்படியும் செய்தார்கள். ஆனால் அதன் தடத்தில் பதிந்திருக்கும் அளவும் 80 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே காட்டும். அதனால் மென்பொருளில் பார்த்தாலும் எது அசல் என்று தெரியாது. ஏமாற்ற இதைவிட வசதி வேண்டுமா?

எங்கள் கடைக்காரர் செய்தது ஓவர்பர்ன், அதாவது டிஸ்கின் அளவைத் தாண்டி எழுதுவது. சிடி எழுதும் மென்பொருளான நீரோவில் அதற்கு ஒரு டிக் உண்டு. போட்டால் எச்சரிக்கையும் வரும். சிடி முடிந்தது என்று பிளேயருக்குச் சொல்ல, பதிவுக்குப் பிறகு சுமார் 90 வினாடி அளவுக்கு வெற்றுப் பகுதி விட வேண்டும். அதையும் விளிம்பில் மிச்சமிருக்கும் கொஞ்ச இடத்தையும் தின்றுதான் கூடுதல் படம் ஏறுகிறது. அந்த ஓரத்தில்தான் பூச்சு சீராக இருக்காது, கைரேகையும் படும். சில டிரைவ்கள் அங்கே போய்ப் படித்துவிடும், பல பிளேயர்கள் தேடித் தேடி நின்றுவிடும். ஓரிரு நிமிடம் இப்படித் திணிக்கலாம். ஆனால் எந்த பிளேயரில் ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதற்குத்தான் எங்களிடம் ஸ்பெஷல் டிஸ்க் விலை.

மூல டேப்பைக் கேட்டேன். அதில் அதற்குள் வேறு யாருடைய கல்யாணமோ ஏறியிருந்தது.

சரி, போன மாதக் கதை. பழைய சிடிகளை பென்டிரைவுக்கு மாற்றித் தரும் ஒரு கடையில், கீறல் இல்லாத பிரதியாகப் பார்த்துக் கொடுத்தேன். 250 ரூபாய். "முழுசா எடுத்தாச்சு சார்." வீட்டில் வந்து பார்த்தால் 80 நிமிடம் 3 வினாடி! படிக்க முடியாத இடத்தில் அறுத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் முழுக் காசும் வாங்கியிருக்கிறார்கள். கேட்டதற்கு, "சிடியில அவ்வளவுதான் இருக்கு."

கவரில் எழுதியிருக்கும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கடையிலேயே கடைசி நிமிடத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். குறைந்தால், வேறொரு டிரைவில், வேகத்தைக் குறைத்து எடுக்கச் சொல்லுங்கள். சிடியை மட்டும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

அப்புறம், தம்பி முறை பையன் ஒருவன் மூன்று டிரைவ்களில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் 81 நிமிடம் 5 வினாடி வரை வந்தது. பாட்டி இரண்டு அடி பாடுகிறாள். மூன்றாவதுக்கு மூச்சு இழுக்கும்போது நின்றுவிடுகிறது.