48ஆம் அளவுக் காலும் ஒரு சோடி ஜெர்மன் பூட்ஸும்

அப்புத்தளைப் பக்கம் வழிகாட்டியாக இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, நீங்க போடுற அந்த வேட்டை பூட்ஸ் இப்ப விலை இறங்கியிருக்கு. எடுக்கலாமா?" அவர் கால் என் காலைவிட ஒரு விரல் அகலம் கூட இருக்கும். பீக்கோ ட்ரெயிலில் வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போகிறார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் ஊடாக 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் போகிற நடைபாதை அது. நல்ல பூட்ஸ் இல்லாமல் அந்த வேலை ஓடாது. ஃபோனில் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். இந்த பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வராது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கால் இல்லாதவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. ஹட்டனில் ஏறாத சப்பாத்துக்கடை கிடையாது. "பத்து வரைக்கும் இருக்கு சேர், கொஞ்சம் போட்டா இளகிடும்" என்பார்கள். தோல் இளகும், நீளம் கூடுமா? நான் வேலை செய்கிற தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற ரப்பர் பூட்ஸிலும் என் காலுக்குச் சோடி வந்ததில்லை. என் பாதம் 30 சென்ரிமீற்றரையும் தாண்டும். ஐரோப்பிய இலக்கத்தில் ஒரு அளவுக்கும் அடுத்ததுக்கும் 6.67 மில்லிமீற்றர் வித்தியாசம். ஆகவே 48 என்றால் சப்பாத்தைச் செய்கிற உள்ளச்சு 32 சென்ரிமீற்றர். பல கம்பனிகள் 46, 47 என்றதும் கையை விரித்துவிடும். 46ஐ இழுத்துப்பிடித்துப் போட்டுக்கொண்டு ஏறிவிடலாம். இறங்கும்போதுதான் கட்டைவிரல் நகம் கறுக்கும்.

இந்தச் சோடியை 2021 கடைசியில் அக்கா மகன் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தான். பெட்டியில் பாதியை இதுவே பிடித்துக்கொண்டதாம், இன்றைக்கும் சொல்லிக்காட்டுவான். விளம்பரத்தில் போட்டிருந்த எடையை நம்பியிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த எடையை 42 போன்ற நடுத்தர அளவுக்குத்தான் போடுவார்களாம். கொழுந்து நிறுக்கிற தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன். சோடி இரண்டரைக் கிலோ. ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர் எடை கழிக்கிற தராசுக்காரர் சிரிக்காமல் "தண்ணிக்கு எவ்வளவு கழிக்கட்டும் ஐயா?" என்று கேட்டார்.

பெயர்தான் வேட்டை பூட்ஸ். ஆல்ப்ஸ் மலையில் மான் சுடப் போகிறவர்களுக்காகச் செய்தது. இங்கே அந்தக் காலத்து ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் மாதிரி ஆட்கள் நாய்களை விட்டு மரை துரத்திய ஹோட்டன் சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா. துவக்கோடு போனால் பூட்ஸோடு சேர்த்து உள்ளே போடுவார்கள். எனக்குத் துவக்கு எதற்கு? நான் தோட்டத்தில் ஃபீல்ட் ஆபீசர். தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுகிற கவ்வாத்து மலையில் நடக்கத்தான் எனக்கு பூட்ஸ் வேண்டும்.

கவ்வாத்து வெட்டிய மலையில் நடந்தவர்களுக்குத் தெரியும். செடியெல்லாம் மொட்டையாகி, வெட்டிய கொப்புகள் முழங்காலுக்குக் கீழே சாய்வாகக் கூராக நிற்கும். நிரைக்குள் காலை விட்டால் கணுக்காலில் கீறாமல் வெளியே எடுக்க முடியாது. சாதாரண சப்பாத்து ஒரு கவ்வாத்தைத் தாங்காது. இதன் அடியைச் சுற்றி இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு ரப்பர் பட்டி ஓடுகிறது. கீறலெல்லாம் அதில்தான் விழும். மேலே தடித்த தோல், மெழுகு பூசினால் கீறல் பாதி மறைந்துவிடும். அடித்தட்டு விப்ரம். 1935இல் ஆல்ப்ஸில் சரியான சப்பாத்து இல்லாமல் ஆறு நண்பர்களைப் பறிகொடுத்த விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி 1937இல் கொண்டுவந்த ரப்பர் அடி அது. தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி ஏறும்போது சேற்றை நன்றாகப் பிடிக்கும். பாசி படிந்த வழுக்குப்பாறையில் மட்டும் அதை நம்பக்கூடாது.

நான் எதிர்பாராத சந்தோஷம் அட்டைக்கடி விஷயத்தில் கிடைத்தது. லேஸ் கட்டுகிற இடத்தில் நாக்கு மேல்வரை இரண்டு பக்கமும் தோலோடு சேர்த்துத் தைத்திருக்கிறது, இடுக்கே இல்லை. அட்டை சுற்றிச் சுற்றி வந்து வழி தேடும். விளிம்புவரை ஏறுவதற்குள் கண்ணில் பட்டுவிடும், தட்டிவிடலாம். சொக்ஸைக் கழற்றும்போது இரத்தம் ஊறியிருக்கிற காலம் போயே போய்விட்டது. உப்பும் சவர்க்காரமும் பூசுகிற வேலையும் குறைந்தது. இதற்காகவே அந்த ஜெர்மன்காரனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சரி, இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இந்த பூட்ஸ் காயாது.

மெதுவாகக் காயும் என்று சொன்னால் அது பொய். வைகாசிக் கடைசியில் தென்மேற்கு மழை பிடித்தால் எங்கள் மஸ்கெலியாவில் இது காய்கிற பேச்சே இல்லை. தண்ணீர் அடியாலோ தையலாலோ வருவதில்லை. ஈரத் தேயிலைக்குள் நடக்கும்போது காற்சட்டை நனைந்து, சொக்ஸ் நனைந்து, மேல் வாயால் உள்ளே இறங்கும். கொழுந்து எடுக்கிற அக்காமார் இடுப்பில் படங்கு கட்டுகிறார்கள், அதே மலையில் செருப்போடும் வெறுங்காலோடும் ஏறுகிறார்கள். அவர்கள் நடுவில் நின்று ஜெர்மன் பூட்ஸைப் பற்றிப் புலம்ப எனக்கே கூச்சம்தான். ஆனாலும் புலம்பத்தான் போகிறேன்.

தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே நீர்புகாச் சவ்வு ஒன்று வைத்திருக்கிறார்கள். வெளித் தண்ணீர் உள்ளே வராது, உள்ளே இருக்கிற வியர்வை ஆவியாக வெளியே போய்விடும் என்பது கணக்கு. உள்ளே சூடும் ஈரமும் கூடி, வெளியே குளிர்ந்து வறண்டிருந்தால் அந்தக் கணக்கு சரிவரும். ஆடி மாதம் மஸ்கெலியாவில் வறண்ட காற்றுக்கு எங்கே போவேன்? வெளியிலும் பனிமூட்டம், உள்ளேயும் ஈரம். ஆவி போகிற பக்கம் இல்லை. மேலால் இறங்கிய தண்ணீரையும் அந்தச் சவ்வு விசுவாசமாக உள்ளேயே காவல் காக்கும்.

காயவைக்கச் செய்யாத வித்தை இல்லை. உள்தட்டைக் கழற்றிப் பத்திரிகைத் தாளைத் திணிப்பதுதான் முறை. ஒரு காலுக்கு ஞாயிறு வீரகேசரி முழுதாக வேண்டும், இரண்டு காலுக்கு அயல்வீட்டாரின் பத்திரிகையும் சேரவேண்டும். இரவில் எழுந்து ஈரத்தாளை எடுத்துப் புதுத்தாள் வைக்கவேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் காயும்தான், ஆனால் தோல் விறைத்து வெடிக்கும், பசை இளகும். எட்டத்தில் வைக்கலாம் என்றால் எங்கள் அடுப்படியில் எட்டம் என்று ஒரு இடமே இல்லை. "ரொட்டி சுடட்டுமா, உங்க பூட்ஸ சுடட்டுமா?" என்று மனைவி கேட்பதும் நியாயம்தான். காலையில் அந்தக் குளிர்ந்த ஈரத்துக்குள் காலை விடுகிற முதல் நிமிடம் இருக்கிறதே, அந்த நேரத்தில் இதைச் செய்தவன் கையில் கிடைத்தால் வேட்டை நான் ஆடுவேன்.

லேஸ் இன்னொரு தொல்லை. உயரமான பூட்ஸுக்கு இரண்டு மீற்றருக்கு மேல் நீளம் வேண்டும். கடைகளில் கிடைக்கிறவை பாதி வழியில் முடிந்துவிடும். நைலோன் கயிற்றை வெட்டி, நுனியை நெருப்பில் உருக்கி ஓட்டுகிறேன். சிவனொளிபாதமலைக்குப் போனால் உச்சியில் சப்பாத்தைக் கழற்றவேண்டுமே, விறைத்த விரலால் அந்த முடிச்சை அவிழ்ப்பதற்குள் விடிந்துவிடும். அங்கே பாறையில் இருக்கிற புனிதப் பாதச்சுவடு ஏறக்குறைய 1.8 மீற்றர். அதற்கு முன்னால் நின்றால்தான் என் கால் சின்னதாகத் தெரிகிறது.

போன மாதம் வலது கால் முன்பக்கம் அடித்தட்டு வாய் திறந்தது. எங்கள் பஜாரில் தைக்கிறவரிடம் கொண்டுபோனேன். அவருடைய இரும்பு அச்சை உள்ளே விட்டால் நுனிக்கு எட்டவில்லை. ஆணியடிக்க முன்பக்கத்தில் பிடிமானம் இல்லை. "இதுக்கு அச்சு நான் எங்க போறது ஐயா?" என்று சொல்லிவிட்டு, ஒரு மரத்துண்டைச் சீவி நுனிக்குள் இறுக்கினார். பழைய பசையைச் சுரண்டி, காயவிட்டு, புதுப்பசை பூசி, சுற்றிக் கையால் தையலும் போட்டுக் கொடுத்தார். மழையில் நடந்து பார்த்துவிட்டேன், அசையவில்லை. தொழிற்சாலை வேலையைவிட அவருடைய வேலை சுத்தம்.

அடித்தட்டு பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். விப்ரம் ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே இருக்கிற மெத்தை பொலியூரித்தேன். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது தானாகவே சிதையும், போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. பெட்டியில் பூட்டிவைத்தால் அதுதான் இன்னும் ஆபத்து. என் மச்சான் வேறொரு சோடியைப் பொன்னாகப் பொத்தி அலுமாரியில் வைத்திருந்து, சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கியதும் எடுத்துப் போட்டார். நல்லதண்ணியில் படி தொடங்குவதற்குள் அடித்தட்டு நனைந்த கிரீம் கிராக்கர் மாதிரி உதிர்ந்துவிட்டது. ஆகவே விலை இறங்கியிருக்கிறது என்று தம்பி சொன்னதும் என் சந்தேகம் அங்கேதான் போனது. எந்த வருடம் செய்த சரக்கு? 48ஐ வாங்க ஆள் இல்லாமல் களஞ்சியத்தில் எத்தனை காலம் கிடந்தது? அதைக் கேட்காமல் பணம் அனுப்பக்கூடாது. நான் வாங்கும்போது டொலர் 200 ரூபாய்ச் சொச்சம், 2022இல் அது 360ஐத் தொட்டது. இப்போது 300க்கு மேல். அவர்கள் குறைத்த விலையையும் ரூபாயில் பெருக்கினால் என் பழைய விலையைவிடக் கூடத்தான் வருகிறது.

தோல் நன்று, பிடி நன்று, அட்டை ஏறாது, இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பழுதுபார்த்தேன். இவ்வளவும் சொல்லிவிட்டுத் தம்பிக்கு என் பதில்: வாங்கவேண்டாம். இது ஆடி மாதத்துப் பதில். மாசியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டிருந்தால் "உடனே எடு" என்றிருப்பேன். வாங்கியே தீருவேன் என்றால் சவ்வு இல்லாத, உள்ளேயும் தோல் வைத்த வகையைத் தேடு. அதுவும் நனையும், ஆனால் காயும். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது தாளில் நின்று அளவெடு. நீண்ட லேஸ் இரண்டு சோடி சேர்த்து வரவழை.

என் சோடியைப் பாதி விலைக்குத் தரமுடியுமா என்று நேற்று மறுபடி ஃபோன் பண்ணினார். முடியாது தம்பி. நாளைக்கு ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து.